ரிப்பன் வெட்டிய பிறகு யார் பார்ப்பது? வளரும் நாடுகளில் வளங்குன்றா வளர்ச்சித் திட்டங்கள் படுத்துவிடும் இடங்கள்

வரப்பு (இழை தொடக்கம்)

2015இல் ஐ.நா. 17 இலக்குகளையும் 169 உள்இலக்குகளையும் அறிவித்து 2030 வரை கெடு வைத்தது. அந்தப் பட்டியலை இங்கே மறுபடி ஒட்ட வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது வேறு. குடிநீர், மின்சாரம், பாசனம், உரம், எரிபொருள் என்று எதை எடுத்தாலும் முதல் ஆண்டு நன்றாக ஓடுகிறது. மூன்றாவது, நான்காவது ஆண்டில் படுத்துவிடுகிறது. இல்லையென்றால் ஒரு சிக்கலைத் தீர்க்கப் போட்ட சட்டம் பக்கத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறது.

"ஊழல்", "அரசியல் உறுதி இல்லை" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தப் பாகம் தேய்கிறது, எந்தக் கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். எது தாக்குப்பிடித்தது என்பதையும் சேர்த்து.

---

அடிகுழாய்

அடிபம்பிலிருந்தே தொடங்கலாம். இதைவிட எளிய இயந்திரம் கிடையாது. இதையே ஓட்ட முடியவில்லை என்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

1981 முதல் 1990 வரை ஐ.நா. குடிநீர், சுகாதாரப் பத்தாண்டு என்று அறிவித்த காலத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏராளமான பம்புகள் இறங்கின. 2009இல் ஆப்பிரிக்காவின் 20 நாடுகளின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஓடவில்லை.

இந்தியா மார்க் 2 பம்பில் மேலே தெரியும் தலைப்பகுதி லேசில் கெடாது. கெடுவது கீழே சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர். அதன் விலை அற்பம். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் ஏற்றுக்குழாய் முழுவதையும் உருவ வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் 3 மீட்டர் ஜி.ஐ. பைப் 10. பைப்பின் எடை மட்டுமே 90 கிலோவுக்கு மேல், உள்ளே இருக்கும் கம்பியும் தண்ணீரும் தனி. தூக்கும் கருவி, பைப்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், நாலு ஆள் வேண்டும். அதாவது காசு போவது வாஷருக்கு அல்ல, அதுவரை போய்ச் சேருவதற்கு. இதனால்தான் வண்டியோடு வரும் பழுதுபார்க்கும் குழுவை நம்பி மார்க் 2 இருந்தது. டீசலுக்குக் காசு நின்றதும் பம்பும் நின்றது.

மாற்றாக வந்த மார்க் 3இல் ஏற்றுக்குழாயை அகலமாக்கினார்கள். பிஸ்டனைக் குழாய் வழியாகவே மேலே இழுத்துவிடலாம். வாஷர் மாற்றுவது எளிதானது. ஆனால் அகலக் குழாய் ஏறக்குறைய இரு மடங்கு கனம். குழாயே ஓட்டை விழுந்தால் முன்பைவிடத் திண்டாட்டம். ஆஃப்ரிடெவ் பம்பு பி.வி.சி. குழாயும் கொக்கி போட்டு மாட்டும் கம்பியும் கொண்டது. ஒரே ஸ்பேனரில் ஊராரே பிரித்துப் போடலாம், 45 மீட்டர் ஆழம் வரை தாங்கும். அதற்கும் நிபந்தனை உண்டு. கைப்பிடியின் பிளாஸ்டிக் புஷ்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். குழாய் ஒட்டும்போது பசை சரியாகக் காயாவிட்டால் இணைப்பு பிறகு விட்டுப்போகும்.

---

கணக்குப்புத்தகம்

நல்ல விளக்கம். "ஊராரே பார்த்துக்கொள்வார்கள்" என்ற கொள்கை எங்கே உடைகிறது என்று எண்ணிக்கையில் காட்டுகிறேன்.

ஒரு பம்பு சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகிறது என்று வையுங்கள். அந்த ஊரில் பயிற்சி பெற்ற இருவருக்கு ஆண்டில் ஒரு நாள்தான் வேலை. இரண்டாம் ஆண்டில் கற்றது மறந்துவிடும், மூன்றாம் ஆண்டில் ஒருவர் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போயிருப்பார். உதிரிபாகக் கடையும் இதே கதிதான். சுற்றுவட்டாரத்தில் 20 பம்பு இருந்தால் ஆண்டுக்கு 20 வாஷர் விற்கும். அதற்காக யாரும் முதல் போட்டுச் சரக்கு வைக்க மாட்டார்கள்.

இதையே 100 பம்புக்கு ஒரே ஒப்பந்தம் என்று போட்டால் வாரத்துக்கு இரண்டு பழுது. ஒரு மெக்கானிக், ஒரு உதவியாள், ஒரு மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குப் போதுமான வேலை. கென்யாவின் கியூசோ பகுதியில் கைப்பிடி அசைவை அளந்து செல்போன் வழியே அனுப்பும் கருவியைப் பம்புகளில் பொருத்தி, இப்படி ஒரு பராமரிப்புச் சேவையைச் சோதித்தார்கள். வாரக்கணக்கில் கிடந்த பழுது மூன்று நாளுக்குள் சரியாகத் தொடங்கியது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய வாசகம் ஒன்றுதான்: "பழுதுக்கு இவ்வளவு" என்று எழுதாதீர்கள், "ஓடிய நாளுக்கு இவ்வளவு" என்று எழுதுங்கள். பழுதுக்குக் காசு என்றால் மட்டமான வாஷர் போடுகிறவருக்குத்தான் லாபம்.

---

கலங்கல்

ஓடுகிற பம்பெல்லாம் நல்ல பம்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலாவது, அமிலத்தன்மை. நீரின் பி.எச். 6.5க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு கரைந்து இரும்பு அரிக்கும். காலையில் முதல் வாளி செம்மண் நிறத்தில் வரும், துணி கறைபடும், சோறு நிறம் மாறும். ஜனங்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். கணக்கில் அந்தப் பம்பு "இயங்குகிறது" என்றே இருக்கும். துளை போட்ட அன்றே பி.எச். பார்த்து, தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு அல்லது பி.வி.சி. என்று கொள்முதல் ஆணையில் எழுதிவிட்டால் இது தீர்ந்தது. சோதனைக்கு ஆகும் செலவு துளைச் செலவில் ஒரு தூசு.

இரண்டாவது, வங்கதேசம். வயிற்றுப்போக்கைத் தடுக்கக் குளத்து நீரை விட்டுவிட்டு ஆழமற்ற குழாய்க் கிணற்றுக்கு மாறச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் போட்டார்கள். 1993இல் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், வங்கதேசத் தர அளவு 50. 2000க்குப் பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, 50ஐத் தாண்டியவற்றின் மூக்கில் சிவப்பும் மற்றதில் பச்சையும் அடித்தார்கள். ஏறத்தாழ 14 லட்சம் கிணறு சிவப்பு.

செலவில்லாத தீர்வு பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்கு நடப்பதுதான், பலர் நடக்கவும் செய்தார்கள். ஆனால் பெயிண்ட் சில ஆண்டில் உதிர்ந்துவிடும், புதிதாகப் போடும் கிணற்றைச் சோதிக்க ஆள் இல்லை. 150 மீட்டருக்குக் கீழே போகும் ஆழ்கிணறுகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. அந்தப் பொதுக் கிணறு யார் வீட்டு முற்றத்தில் அமைகிறது என்பதில் வந்தது அடுத்த சண்டை.

---

வரப்பு

அப்படியானால் இலவசமாகக் கொடுப்பதுதான் பிழையா? காசு கட்டினால் ஜனங்கள் அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற வாதம் சரியா?

---

கணக்குப்புத்தகம்

பாதி சரி. குடத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தால் மழைக்காலத்தில் வருமானம் விழுந்துவிடும். கூரைத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் சும்மா கிடைக்கும்போது யார் காசு கொடுத்துப் பிடிப்பார்கள்? மெக்கானிக்குக்கோ மாதச் சம்பளம். அதனால் வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்ற சந்தா மேல். அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டும் வசதியும் இருந்தால் பாக்கி குறையும்.

ஆனால் சந்தாவே முழுச் செலவையும் தாங்கும் என்று திட்ட அறிக்கையில் எழுதுவது பொய்க்கணக்கு. அன்றாடப் பழுதைத் தாங்கும். 15 ஆண்டில் பம்பையே மாற்றும் செலவையும், துளை தூர்ந்தால் புதிதாகப் போடும் செலவையும் தாங்காது. அது வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக இருந்தாக வேண்டும். பல நாடுகளில் "மூலதனச் செலவு" என்ற தலைப்பில் புதுத் துளைக்குக் காசு கேட்டால் கிடைக்கும், "பராமரிப்பு" என்று கேட்டால் வெட்டு விழும். ஆகவே பழையதைச் சாகவிட்டுப் புதிது கேட்பதுதான் அதிகாரிக்கு அறிவான வழி. ஆள் மேல் குறை சொல்லிப் பயனில்லை, தலைப்பு அப்படி.

---

மின்கம்பம்

காசு கட்டினால் நிற்கும் என்பதற்குப் பெரிய உதாரணமும், அது எப்படிச் சாய்ந்தது என்பதும் ஒரே இடத்தில் இருக்கிறது: வங்கதேசத்தின் வீட்டுச் சூரிய மின்திட்டம்.

2003இல் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் தொடங்கியது. அது நேரடியாக வீட்டுக்கு விற்கவில்லை. கிராமங்களில் ஏற்கெனவே சிறுகடன் கொடுத்து வாங்கும் அமைப்புகளுக்கு மறுநிதி கொடுத்தது. மாதத் தவணை வசூலிக்க வருகிற அதே ஆள் பேட்டரியையும் பார்ப்பார். கடன் தீரும்வரை அவருக்கு விளக்கு எரிய வேண்டிய கட்டாயம். இந்த ஒரு இணைப்புதான் திட்டத்தின் உயிர். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது.

தொழில்நுட்பத்தில் பலவீனம் ஈய அமில பேட்டரி. பேனல் 20 ஆண்டு வரும். பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடாமல், வாலை வடிநீர் ஊற்றி வைத்திருந்தால் நாலைந்து ஆண்டு. வடியாமல் காப்பது சார்ஜ் கன்ட்ரோலர். டிவி நடுவில் அணையக்கூடாது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுத்தால் ஓர் ஆண்டிலேயே பேட்டரி போய்விடும். பழைய பேட்டரியைச் சேகரிப்பது பிரச்சினையே அல்ல, ஈயத்துக்கு விலை உண்டு, தானாகவே வாங்கிப் போவார்கள். எங்கே உருக்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. கொல்லைப்புறத்தில் உருக்கினால் ஈயத் தூசு நேரே குழந்தைகளின் ரத்தத்துக்குப் போகிறது. எத்தனை பேட்டரி திரும்பி வந்தது என்று கேட்பதை விட்டு, உருக்காலைக்கு உரிமமும் புகைவடிகட்டியும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சாய்ந்த கதை: ஒரு பக்கம் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாக ஊருக்குள் வந்தது. இன்னொரு பக்கம் வேறொரு நிவாரணத் திட்டத்தில் அதே கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைத்ததற்கு யார் தவணை கட்டுவார்கள்? தவணை நின்றதும் அமைப்புகளின் கடன் தேங்கிவிட்டது. எந்த ஊருக்கு எந்த ஆண்டில் கம்பி வரும் என்று வரைபடம் போட்டு முன்பே வெளியிட்டிருந்தால் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதற்கு ஒரு பைசா மானியம் தேவையில்லை.

---

நீர்மட்டம்

சூரிய மின்சாரம் பேச்சு வந்ததால் பாசனப் பம்பையும் சொல்லிவிடுகிறேன். டீசலுக்குப் பதில் சூரியப் பம்பு என்றால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நிலத்தடி நீர் மட்டும் கைதட்டுவதில்லை.

5 குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 4.8 கிலோவாட் பேனல். நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக 18 யூனிட் கைக்கு வரும். பம்பின் மொத்தத் திறன் 45 சதவீதம் என்று வைத்தால், 30 மீட்டரிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். 60 மீட்டர் என்றால் அதில் பாதி. டீசல் பம்பு வைத்திருப்பவர் லிட்டர் கணக்குப் பார்த்து மோட்டாரை நிறுத்துவார். சூரியப் பம்புக்கு அடுத்த லிட்டர் தண்ணீரின் செலவு பூஜ்யம். வெயில் இருக்கும்வரை ஓடும். மட்டம் இறங்கினால் இன்னும் பெரிய பேனல் கேட்பார்கள், அதற்கும் மானியம் உண்டு.

மருந்து ஒன்றுதான் இதுவரை ஏதோ வேலை செய்கிறது: உபரி மின்சாரத்தை மின்வாரியம் விலைக்கு வாங்குவது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் விவசாயிகள் கூட்டுறவு அமைத்து இதைச் செய்தார்கள், பிறகு 2018இல் மாநிலத் திட்டமாகவும் வந்தது. அந்த 18 யூனிட்டை இறைக்கவும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். அப்போதுதான் தண்ணீருக்கு ஒரு விலை பிறக்கிறது. ஆனால் வாங்கும் விலை, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விற்றால் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால் பயன் இல்லை. மின்வாரியம் பாக்கி வைத்தாலும் அதே கதைதான்.

நீர் ஏற்கெனவே அதலபாதாளத்தில் இருக்கும் வட்டாரங்களில் கம்பி இணைப்பு இல்லாத தனிச் சூரியப் பம்புக்கு மானியமே கூடாது என்பது என் கருத்து. நீர்வளம் நிறைந்து, மின்கம்பி இல்லாத பகுதிகளில் தாராளமாகக் கொடுக்கலாம். நாடு முழுவதற்கும் ஒரே விதி போடுவதுதான் தவறு.

---

களத்துமேடு

நீர்மட்டம் சொன்னதோடு 2009ஆம் ஆண்டுப் பஞ்சாப் சட்டத்தையும் சேருங்கள். ஒரு நல்ல சட்டம் பக்கத்துத் துறையில் என்ன செய்யும் என்பதற்குப் பாடம் மாதிரி இருக்கும்.

கொளுத்தும் கோடையில் நாற்று நட்டால் நீர் ஆவியாகிப் போகிறது. அதனால் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்று சட்டம் வந்தது, ஹரியானாவிலும் அதே போன்ற ஒரு சட்டம். நிலத்தடி நீருக்கு நல்லதுதான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம்தான் மிச்சம். கம்பைன் இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோலை அதற்குள் அகற்ற வழியில்லை, தீ வைக்கிறார்கள். முன்பு அக்டோபரில் எரிந்தது இப்போது நவம்பர் முதல் வாரத்துக்கு நகர்ந்துவிட்டது. அப்போது காற்று அடங்கி, குளிர்ந்த காற்றடுக்கு தரையோடு படிந்திருக்கும். புகை போக்கிடம் இல்லாமல் டெல்லி வரை தேங்குகிறது.

குறுகிய காலத்தில் விளையும் நெல் ரகத்தைச் சட்டத்தோடு சேர்த்தே கொடுத்திருந்தால் இடைவெளி கிடைத்திருக்கும். அடிப்படையில், தண்ணீர் அரிதான நிலத்தில் நெல்லுக்கு மட்டும் உறுதியான கொள்முதல் இருக்கும்வரை தேதியை மட்டும் நகர்த்தி என்ன ஆகும்?

---

நீர்மட்டம்

ஒப்புக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: புகைக்கு அந்தச் சட்டம் ஒன்றே காரணம் அல்ல. கம்பைன் பரவியதும், வைக்கோலுக்கு வாங்க ஆள் இல்லாததும் அதற்கு முந்தியவை. சட்டம் தேதியை நகர்த்தியது, வழக்கத்தை உண்டாக்கவில்லை.

---

களத்துமேடு

சரி, ஏற்கிறேன். இன்னொரு உதாரணத்துக்கு வருகிறேன், இது இங்கே பலருக்கும் உறைக்கும். இலங்கையின் உரத் தடை.

2021 ஏப்ரலில் அறிவிப்பு, மே மாதம் இறக்குமதித் தடை. இயற்கை வேளாண்மை என்று பெயர், பின்னால் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இருந்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், அதற்குள் பெரும்போகம் அடிபட்டுவிட்டது. நெல்லில் தன்னிறைவுக்கு அருகில் இருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது.

கொள்கையின் நோக்கத்தை விடுங்கள், கூட்டல் கழித்தலே உதைக்கிறது. எக்டருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று வையுங்கள். யூரியாவில் 46 சதவீதம், ஆகவே 217 கிலோ, 50 கிலோ மூட்டையில் நாலரைக்குள். நல்ல மக்கிய உரத்தில் ஒரு சதவீதம் தழைச்சத்து என்றால் 10 டன். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்கு. ஆக 30 முதல் 40 டன். மண்ணில் சத்து சேரச் சேரப் பின்வரும் ஆண்டுகளில் தேவை குறையும், ஆனால் முதல் போகத்தில் குறையாது. அவ்வளவு மக்கை எங்கே செய்வது, எந்த வண்டியில் ஏற்றுவது?

சிக்கிம் 2003இல் தீர்மானம் போட்டு, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016இல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. அங்கும் முன்பே உரப் பயன்பாடு குறைவு, நெல் பெரும் பயிரல்ல. அதை அப்படியே நெல் நாட்டுக்குப் பெயர்க்க முடியாது.

யூரியாவைக் குறைக்கத் தடையைவிட உருப்படியான வழிகள்:

இலை வண்ண அட்டை. நடவு செய்து இரண்டு வாரம் கழித்து, வாரம் ஒருமுறை பத்து இலைகளை நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் குறிப்பிட்ட வண்ணத்துக்குக் கீழே வெளிறினால் மட்டும் உரமிட வேண்டும். வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும்.

யூரியா உருண்டை. வங்கதேசத்தில் பரவியது. 1.8 அல்லது 2.7 கிராம் உருண்டையை நாலு குத்துக்கு நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பது. மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சம். கையால் புதைக்க ஆள்கூலி அதிகம், மணல்பாங்கான மண்ணில் கரைந்து கீழே இறங்கிவிடும். களிமண்ணுக்குத்தான் இது.

நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுவது. நல்ல வழி, அதற்கு முன்மழையோ வாய்க்கால் நீரோ ஒன்றரை மாதம் முன்பே வேண்டும்.

---

சில்லறை

மானியம் பேச்சுக்கு வந்தாயிற்று. எரிபொருள் மானியத்தை எடுப்பதில் "எவ்வளவு" என்பதைவிட "எந்த வரிசையில்" என்பதே ஆட்சியைக் காப்பாற்றுகிறது அல்லது கவிழ்க்கிறது.

நைஜீரியா, 2012 ஜனவரி 1: பெட்ரோல் லிட்டர் 65 நைராவிலிருந்து ஒரே நாளில் 140க்கு மேல். நாடு தழுவிய வேலைநிறுத்தம். இரண்டு வாரத்தில் 97க்கு இறக்கினார்கள். ஈக்வடார், 2019 அக்டோபர்: அரசாணை போட்டு இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள்.

ஈரான், 2010 டிசம்பர்: விலை ஏற்றுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டார்கள். கணக்கில் தெரியும், ஆனால் விலை ஏறும் நாள் வரை எடுக்க முடியாது. ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால். கலவரம் இல்லை. ஆனால் தொகையைப் பணவீக்கத்தோடு இணைக்கவில்லை, சில ஆண்டில் அது கரைந்துபோனது. இந்தோனேசியா, 2005 அக்டோபர்: விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது, கூடவே சுமார் 1.9 கோடி குடும்பங்களுக்கு மாதம் ஒரு லட்சம் ரூபியா வீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கிடைத்தது. பட்டியலை அவசரத்தில் எடுத்ததால் ஊருக்கு ஊர் தகராறு, ஆனாலும் சீர்திருத்தம் நின்றது.

ஆக முதலில் பட்டியல், பிறகு பணம், அதற்கும் பிறகு விலை. உலகச் சந்தை விலை இறங்கியிருக்கும் நேரம் பார்த்துச் செய்வது இன்னும் நல்லது. 2015 தொடக்கத்தில் இந்தோனேசியா பெட்ரோல் மானியத்தை அப்படித்தான் எடுத்தது.

அதே நாட்டின் இன்னொரு பாடம்: 2007 முதல் மண்ணெண்ணெயை ஒழிக்க 3 கிலோ எரிவாயு உருளையும் அடுப்பும் இலவசமாகக் கொடுத்தார்கள், 5 கோடிக்கும் மேல். மண்ணெண்ணெய்ச் செலவு சரிந்தது. ஆனால் மானிய உருளையை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம் என்று விட்டதால், 12 கிலோ உருளை வாங்கிக்கொண்டிருந்த வசதியானவர்களும் 3 கிலோவுக்கு இறங்கிவந்தார்கள். ஒரு மானியத்தைக் குறைத்துவிட்டு இன்னொன்றை வளர்த்த கதை. பொருளுக்குக் கொடுக்கும் மானியத்துக்குக் கதவு கிடையாது, ஆளுக்குக் கொடுத்தால்தான் கதவு வைக்க முடியும்.

---

மின்கம்பம்

இதற்கு எதிர்மாதிரி கோஸ்டா ரிக்கா. எரிபொருள் வரியில் 3.5 சதவீதத்தைக் காட்டுக்கென்று ஒதுக்கினார்கள். 1996ஆம் ஆண்டு வனச் சட்டம் 7575. காடு வைத்திருக்கும் நில உரிமையாளருக்குக் கரியமிலம், நீர், பல்லுயிர், இயற்கையழகு என்ற நான்கு சேவைக்கும் எக்டர் கணக்கில் பணம். அதே சட்டம் காட்டை வேறு நிலமாக மாற்றுவதையும் தடை செய்தது, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பணம் மட்டும் கொடுத்துத் தடை போடாமலிருந்தால் மாடு வளர்ப்பில் கூடுதல் லாபம் வரும் ஆண்டில் காடு போய்விடும். தொடக்கத்தில் பட்டா இல்லாத சிறு விவசாயிகள் சேர முடியவில்லை. எந்த நாடு நகலெடுத்தாலும் முதலில் முட்டும் சுவர் அதுதான்.

---

கணக்குப்புத்தகம்

எல்லாவற்றுக்கும் அடியில் வட்டி இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

சூரிய, காற்று மின்நிலையங்களில் செலவெல்லாம் தொடக்கத்திலேயே. எரிபொருள் செலவு கிடையாது. அதனால் மின்சார விலையை வட்டிதான் முடிவு செய்கிறது. 100 கடன், 20 ஆண்டு, சமத் தவணை. 5 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை 8.02. 15 சதவீதத்தில் 15.98. அதே பேனல், அதே வெயில், விலை மட்டும் இரட்டிப்பு. அனல்மின் நிலையத்துக்கு இந்த அடி இவ்வளவு விழாது, ஏனென்றால் அதன் செலவில் பாதி பின்னால் வரும் நிலக்கரி.

டாலரில் வாங்கினால் வட்டி குறையும்தானே என்பார்கள். வருமானம் உள்ளூர்ப் பணத்தில். அது ஆண்டுக்கு 10 சதவீதம் சரிந்தால் ஏழாவது ஆண்டில் டாலர் தவணையின் உள்ளூர் மதிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மின்கட்டணத்தை அவ்வளவு ஏற்ற எந்த அரசும் துணியாது. நட்டம் மின்வாரியத்தில் போய் உட்காரும். அது மின்நிலையத்துக்குப் பாக்கி வைக்கும், அடுத்த ஏலத்தில் எல்லோரும் விலையை உயர்த்திக் கேட்பார்கள்.

செய்யக்கூடியவை: உள்ளூர் ஓய்வூதிய நிதிகள் வாங்கும்படி உள்ளூர்ப் பணத்தில் பத்திரம் போட்டு, அதன் ஒரு பகுதிக்கு மட்டும் வளர்ச்சி வங்கியின் உத்தரவாதம் வாங்குவது. 2007இல் தொடங்கிய டி.சி.எக்ஸ். போன்ற நிதியில் நாணய இடரைக் காப்பீடு போல விற்றுவிடுவது, இதற்குக் கட்டணம் உண்டு. வாங்கும் மின்வாரியத்தின் பாக்கிக்கு மூன்று நாலு மாதத் தொகையைத் தனிக் கணக்கில் நிறுத்தி வைப்பது.

வளரும் நாடுகளின் காலநிலைச் செலவுக்குப் பணக்கார நாடுகள் 2009இல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வாக்களித்தன, கெடு 2020. எட்டியது 2022இல், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று புது எண். எந்த நாணயத்தில் என்று கேட்க ஆள் வேண்டும்.

---

வரப்பு

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. அடிகுழாய் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. "ஓடிய நாளுக்குக் காசு" என்று ஒப்பந்தம் போட்டால், ஓடுகிறது என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு சொட்டு வந்தாலும் ஓடுவதாக எழுதிவிடுவார்களே.

---

அடிகுழாய்

இரண்டு சோதனை போதும், ஒரு வாளியும் கைக்கடிகாரமும் இருந்தால் ஆயிற்று.

கசிவுச் சோதனை: தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு 30 நிமிடம் யாரும் தொடாமல் விடுங்கள். பிறகு அடித்து, எத்தனையாவது அடியில் நீர் வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் போனால் கீழ் வால்வோ குழாய் இணைப்போ கசிகிறது.

வரத்துச் சோதனை: கசிவைப் பார்த்தபின் ஒரு நிமிடத்தில் 40 அடி, முழு வீச்சில். வாளியில் 10 லிட்டருக்குக் கீழே இருந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது துளையில் நீர் போதவில்லை. எது என்று பிரிக்க, தொடர்ந்து அடித்துப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே குறைவு என்றால் வாஷர், போகப்போகக் குறைந்தால் துளை. துளையின் குறைக்கு மெக்கானிக்கின் காசைப் பிடிக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் இதைத் தனியாக எழுதுங்கள்.

இரண்டு எண்ணையும் பம்பின் அடிமேடையிலேயே தேதியோடு பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள், ஊரார் சரிபார்க்கலாம். அளவைக் கோடையின் கடைசியில் எடுங்கள். மழை முடிந்ததும் எடுத்தால் எல்லாப் பம்பும் தேறிவிடும்.